நாலு ஆள் தூக்கும் தொலைநோக்கி

தனக்குப் பொறாமைக் குணம் கிடையாது என்று தையல்நாயகி டீச்சர் அடிக்கடி சொல்லிக்கொள்வாள். எதிர்வீட்டில் கலர் டி.வி. இறங்கியபோது சொன்னாள். ஓரகத்தி ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலேயே மாடி வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது பந்தியில் உட்கார்ந்து சொன்னாள். அதெல்லாம் உண்மையும்கூட. டி.வி.யையும் மாடி வீட்டையும் அவள் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது வானம். அதில் மட்டும் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

கீழ்க்கட்டளையில் பிறந்தவள். அப்பாவுக்குப் பல்லாவரத்துத் தோல் கிடங்கில் கூலி வேலை. ஐந்து பெண்களில் இவள் ஒருத்திதான் படிப்பு படிப்பு என்று பிடிவாதம் பிடித்து பி.எஸ்ஸி. பிசிக்ஸும் பி.எட்டும் முடித்தாள். படித்த பெண் வேண்டும் என்று ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தேடிவந்து அரிகிருஷ்ணனுக்குக் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் பூர்வீகமாக அந்த ஊர் விவசாயிகள். நிலமெல்லாம் பிளாட்டாகப் போனபின் அரிகிருஷ்ணன் சிமெண்டுக் கடை வைத்திருந்தான்.

கல்யாணமான புதிதில்தான் எண்பதாம் வருஷத்துச் சூரிய கிரகணம் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. புது மருமகள் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கில் கரி ஏற்றிய கண்ணாடித் துண்டோடு நடுத்தெருவில் நின்றாள். மாமியார் ஜன்னல் வழியாகக் கத்திய கத்தில் அவளுக்குக் காது அடைத்துப்போனது. ஆனாலும் கடித்த பிஸ்கட் மாதிரி சூரியன் நின்றதைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அரிகிருஷ்ணன் அன்றைக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தான். அதற்குப் பிறகும் வானம் பக்கம் அவன் தலையைத் தூக்கியதில்லை. மழை வருமா, மூட்டையை மூட வேண்டுமா என்று பார்ப்பதோடு சரி.

அதே வருஷம் ஊர்ப் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். எண்பத்தாறில் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது சார்ட் பேப்பரைச் சுருட்டி, இரண்டு பக்கமும் லென்ஸ் ஒட்டி, அவளே ஒரு டெலஸ்கோப் செய்தாள். பதினோரு பெண்கள் வந்தார்கள். அழுக்குப் பஞ்சு போல ஏதோ ஒன்று தெரிந்தது. "வால் எங்க டீச்சர்?" என்று பதினோரு பேரும் கேட்டார்கள். மறுநாள் இரண்டு அப்பாக்கள் வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் பொண்ணுங்களை மொட்டை மாடியில் நிறுத்திவைத்ததற்குச் சண்டை போட்டார்கள். அவள் அசரவில்லை. பள்ளியில் விண்வெளி மன்றம் ஆரம்பித்தாள். தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாம் அவள்தான். பெண்கள் அவளுக்கு நட்சத்திர டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். கேட்டும் கேட்காதது போல வராந்தாவில் நடப்பாள். உள்ளுக்குள் மட்டும் ஜில்லென்று இருக்கும்.

பதினாலு வருஷம் இப்படிப் போனது. தொண்ணூற்று நாலில் பேபி வந்தாள்.

இரும்புலியூர்ப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். கீழ் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்க வந்தவள். காலையில் லூனா மொபெட்டில் வந்து இறங்கும்போதே இருபது பெண்கள் ஓடிப்போய் மொய்த்துக்கொள்வார்கள். அதைக்கூட தையல்நாயகி பொறுத்துக்கொண்டாள். சின்னப் பெண், சிரிக்கிறாள், பிள்ளைகள் ஒட்டிக்கொள்கின்றன என்று விட்டுவிட்டாள். ஆனால் ஒரு நாள் ஆறாம் வகுப்பு வாசலைக் கடக்கும்போது உள்ளே ஒரு பெண், "டீச்சர், நட்சத்திரம் ஏன் மினுக்குது?" என்று கேட்டதும், பேபி, "எனக்குத் தெரியாதுடி. தையல்நாயகி டீச்சர கேட்டுகினு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்றதும் காதில் விழுந்தது. வகுப்பு முழுக்கக் கைதட்டிச் சிரித்தது. தெரியாது என்று சொல்லி ஒருத்தி கைதட்டு வாங்குகிறாள். தெரிந்து வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் தொண்டை கிழியச் சொன்னவளுக்கு ஒரு கைதட்டு உண்டா? அன்றைக்குத்தான் முதல் முதலாக வயிறு எரிந்தது.

மறுநாள் பேபி நேராக வந்து கேட்கவும் செய்தாள். தையல்நாயகி பதில் சொன்னாள். பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டாள்.

விண்வெளி மன்றத்தில் ஒரு தீராத தொல்லை இருந்தது. வானம் இருட்டினால்தான் நட்சத்திரம். இருட்டினால் பெண்களை வீட்டில் விடமாட்டார்கள். கையெழுத்து வாங்கி வா என்றால் நாற்பதில் ஆறு பேர் வாங்கி வருவார்கள். "பட்டிக்காட்டு ஜனங்க" என்று அந்த அப்பா அம்மாக்களை ஸ்டாஃப் ரூமில் அவள் பதினாறு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றாறு ஜூலையில் ஒரு நாள் அப்படித் திட்டிக்கொண்டிருந்தபோது, எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேபி நிமிர்ந்தாள்.

"அவங்க வர முடியலன்னா என்ன டீச்சர், நாம போலாமே. சின்னதா ஒரு டெலஸ்கோப் இருந்தா போதும். லூனாவுல முன்னாடி வெச்சிகினு தினம் ஒரு தெருவா போய்க் காட்டிட்டு வந்துடலாம். அம்மாவுங்களும் பாப்பாங்க."

ஸ்டாஃப் ரூமே "அட!" என்றது. ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானம்மாள் அந்த வாரமே பெற்றோர் கூட்டத்தில் பேசி, பள்ளிக் கண்காட்சியில் சேர்ந்திருந்த தொகையை இதற்கென்று ஒதுக்கிவிட்டாள். "எங்கும் எளிதில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய தொலைநோக்கி ஒன்று" என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள்.

தையல்நாயகிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நல்ல யோசனை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பதினாறு வருஷமாக அந்தத் தெருக்களில் நடக்கிறவள் அவள். அந்த வீடுகளில் காபி குடித்தவள் அவள். நாம் போகலாமே என்கிற ஒரு சின்ன விஷயம் அவள் மண்டையில் ஏன் உதிக்கவில்லை?

"நீங்களே போய்ப் பாத்து செலக்ட் பண்ணிட்டு வாங்க, தையல்நாயகி" என்றாள் ஞானம்மாள். "இதுல எங்களுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. நீங்க எது சொன்னாலும் சரி."

"நானும் கூட வரட்டா டீச்சர்?" என்றாள் பேபி.

"எதுக்கு? ரெண்டு பேர் போனா கிளாஸ யார் பாக்கறது?" என்றாள் தையல்நாயகி.

சனிக்கிழமை தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பிராட்வேக்கு நடந்தாள். சுப்பராயலு கடை அங்கே ஒரு சந்துக்குள் இருந்தது. பள்ளிக்கூட லேபுகளுக்குத் தராசு, டெஸ்ட் ட்யூப், பிளாஸ்டிக் எலும்புக்கூடு எல்லாம் விற்கிறவர். அவரிடம் அப்போது இரண்டு டெலஸ்கோப் இருந்தன. இரண்டுமே பள்ளி ஒதுக்கிய தொகைக்குள் வந்தன.

ஒன்று வாசலுக்குக் குறுக்கே பீரங்கி மாதிரி கிடந்தது. ஆறு அங்குலக் கண்ணாடி, ஆள் உயரத்துக்கு ஒரு சாண் குறைவான குழாய், அதைத் தாங்க இரும்பில் வார்த்த மூன்று கால் ஸ்டாண்டு. இன்னொன்றை சுப்பராயலு அலமாரியிலிருந்து ஒற்றைக் கையால் எடுத்து மேஜை மேல் வைத்தார். ரஷ்யாவில் செய்தது. நாலடுக்கு டிபன் கேரியர் அளவுதான் இருந்தது.

தையல்நாயகிக்கு டெலஸ்கோப்பைப் பற்றிக் கடைக்காரர் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும், நானூறு மடங்கு காட்டும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடிப்பதெல்லாம் சுத்தப் புருடா என்று அவளுக்குத் தெரியும். பெரிதாகக் காட்டுவது பெரிய காரியமே இல்லை. முன்பக்க வாய் எவ்வளவு அகலம், உள்ளே கண்ணாடியை எவ்வளவு சுத்தமாக இழைத்திருக்கிறார்கள், தொட்டால் எவ்வளவு நேரம் ஆடுகிறது, இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. வாங்கினபிறகு மாசத்தில் எத்தனை நாள் அதை வெளியே எடுப்போம்?

சின்னதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிர்ச் சாரியில் மூன்றாவது மாடியில் யாரோ லுங்கி காயப்போட்டிருந்தார்கள். அதைக் குறிவைத்து, மெதுவாகத் திருகினாள். லுங்கியின் ஓரத்தில் தையல் போட்ட நூல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கொடியில் உட்கார்ந்திருந்த காக்காயின் கழுத்துச் சாம்பல் நிறம் தெரிந்தது. ஒளி உள்ளே போய்க் கண்ணாடிகளில் முட்டி மடங்கித் திரும்பி வருகிற மாதிரி செய்திருந்தார்கள். அதனால்தான் இத்தனை குட்டையான குழாயில் இத்தனை தெளிவு. தட்டிப் பார்த்தாள். ஒரு நொடி ஆடி நின்றுவிட்டது. மனசு குழந்தை மாதிரி துள்ளியது. இதுதான், இதுவேதான் என்றது.

அந்த நிமிஷமே இன்னொரு காட்சியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இந்தப் பெட்டி லூனாவின் முன்பக்கம் இருக்கிறது. பேபி ஓட்டிக்கொண்டு போகிறாள். ராஜகீழ்ப்பாக்கத்துத் தெரு ஒன்றில் திரும்புகிறாள். பின்னாலேயே பெண்கள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு வீட்டுக் கதவு திறந்து ஒரு அம்மா, "நட்சத்திர டீச்சர் வந்துட்டாங்க!" என்கிறாள்.

தையல்நாயகி டெலஸ்கோப்பை மேஜை மேல் வைத்தாள்.

"இத ஒரு பொம்பள தனியா தூக்கிட்டுப் போக முடியுங்களா?"

"பொம்பளயா?" சுப்பராயலு சிரித்தார். "பத்து வயசுக் கொயந்த தூக்கும்மா. தோள்ல மாட்டிகினு போய்கினே இருக்க வேண்டியதுதான்."

"அந்தப் பெருசு?"

"அத்த தூக்க நாலு ஆள் வோணும். அது உங்களுக்கு சரிப்படாதும்மா. ஒரு காலேஜுக்காகச் சொல்லி வரவச்சது, அவங்களே வோணாம்னுட்டாங்க."

"அதுக்கே பில் போட்டுடுங்க."

சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை ஒரு தரம் பார்த்தார். வியாபாரி. பில் போட்டார்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கில் அவள் கரும்பலகையில் வட்டம் போட்டே விளக்கினாள். வாய் அகலமானால் ஒளி அதிகம், ஒளி அதிகமானால் மங்கலான பொருளும் தெரியும், ஆறு அங்குலம் எங்கே, அந்தக் குட்டி எங்கே? சொன்னது அத்தனையும் பிசிக்ஸ். ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதனாலேயே அவளுக்கு அது எளிதாக இருந்தது.

பேபி மட்டும் கேட்டாள். "தூக்கிட்டுப் போக முடியுமா டீச்சர்?"

"நாம வானத்தப் பாக்க வாங்கறோமா, தூக்கிட்டுத் திரிய வாங்கறோமா?"

ஞானம்மாள் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பேபியும் சேர்ந்து சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டெம்போவில் வந்து இறங்கியது. நிஜமாகவே நாலு ஆள் தூக்கினார்கள். மொட்டை மாடிக்கு ஏற்றுவதற்குள் படிக்கட்டுச் சுவரில் இரண்டு இடத்தில் காரை பெயர்ந்தது. காற்றில் ஆடும் என்று சொல்லி, அரிகிருஷ்ணன் கடை சிமெண்டையே வரவழைத்து, கொத்தனாரை விட்டு மூன்று காலையும் தளத்தோடு தளமாகப் பூசச் சொன்னாள். "கெட்டியா போடுப்பா" என்று பக்கத்தில் நின்று இரண்டு தரம் சொன்னாள். மாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி அவள் கைப்பையில்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் முதல் காட்சி. தெற்கே வியாழன் பளிச்சென்று நின்றது. பதின்மூன்று பெண்கள் கையெழுத்து வாங்கி வந்திருந்தார்கள். பேபியும் வந்தாள். கண்ணை வைத்தவள், "ஐயோ டீச்சர்! பக்கத்துல வரிசையா நாலு பொட்டு வெச்ச மாதிரி இருக்குது!" என்று கூவி தையல்நாயகியைக் கட்டிக்கொண்டாள். அது வியாழனின் நிலாக்கள் என்று தையல்நாயகி விறைப்பாக நின்றபடி சொன்னாள். கட்டிக்கொள்கிறவளை எப்படி வெறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் முடிந்தவரை முயன்றாள்.

அடுத்த மாதம் எட்டுப் பேர். அப்புறம் மழை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாலும் கண்ணாடியில் பூஞ்சை பூத்தது. ஜனவரியில் மூன்று பேர் வந்தார்கள். மூன்றில் ஒருத்தி ஸ்கூல் வாட்ச்மேன் மகள்.

பேபியின் அண்ணன் தாவீது கப்பலில் வேலை பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு வந்தவன் தங்கைக்கு ஒரு பைனாகுலர் கொடுத்துவிட்டுப் போனான். அதை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவந்து, "இதுல நட்சத்திரம் பாக்கலாமா டீச்சர், தப்பில்லையே?" என்று தையல்நாயகியிடம்தான் கேட்டாள். பைனாகுலரில் என்ன தெரிந்துவிடும் என்று தையல்நாயகி உதட்டைப் பிதுக்கினாள். நன்றாகத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரியிலிருந்து பேபி தெருத்தெருவாகப் போக ஆரம்பித்தாள். பைனாகுலரைக் கையில் பிடித்தால் நடுங்கும், படம் நிற்காது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பார்க்கிறவருக்கு முன்னால் முதுகு காட்டி நின்றுகொள்வாள். சின்னப் பெண் என்றால் உட்கார்ந்துகொள்வாள். பார்க்கிறவர் இரண்டு முழங்கையையும் அவள் தோள் மேல் ஊன்றிக்கொள்ள வேண்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்பாள். மறுநாள் வகுப்பில், "பேபி டீச்சர் தோள்ல நான் கார்த்திகை நட்சத்திரத்தப் பாத்தேன், எங்கம்மா கூடப் பாத்துச்சு" என்று பெண்கள் சொல்வதை தையல்நாயகி கேட்டுக்கொண்டே சாக்பீஸை இரண்டாக ஒடிப்பாள்.

மார்ச் கடைசியில் வால்நட்சத்திரம் வந்தது. ஹேல்-பாப். ஹாலியைப் போல ஏமாற்றுக்காரன் இல்லை. சூரியன் இறங்கி அரை மணியில் வடமேற்கே வெறும் கண்ணுக்கே வாலோடு தெரிந்தது. பேப்பரில் எல்லாம் படம் போட்டார்கள். தையல்நாயகி தன் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினேழு வருஷக் காத்திருப்புக்குக் கிடைத்தது இது. பள்ளியில் ஞானம்மாள் பிரேயரிலேயே அறிவித்துவிட்டாள்: சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு எல்லாப் பெற்றோரும் வரலாம், நம் பள்ளியின் பெரிய தொலைநோக்கியில் தையல்நாயகி டீச்சர் வால்நட்சத்திரம் காட்டுவார்.

அன்று சாயங்காலமே பூட்டைத் திறந்து மாடிக்குப் போனாள். தார்ப்பாயை உருவினாள். கண்ணாடியைத் துடைத்தாள். குழாயை வடமேற்கே திருப்பினாள். குழாயின் வாய்க்கு நேரே, ஏழெட்டு அடி தூரத்தில், பள்ளியின் தண்ணீர்த் தொட்டி நின்றது.

செப்டம்பரில் தெற்கு வானத்தை நினைத்து நட்ட ஸ்டாண்டு. தெற்கு நன்றாகத் தெரிந்தது. கிழக்கும் தெரிந்தது. வடமேற்கே சிமெண்டுச் சுவர்தான் தெரிந்தது. ஸ்டாண்டைப் பக்கவாட்டில் நாலடி நகர்த்தினால் போதும். வெள்ளிக்கிழமை கொத்தனாரைக் கூட்டி வந்தாள். அவன் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்துவிட்டான்.

"உடைச்சா காலும் சேந்து உடையும் டீச்சர். நீங்கதானே கெட்டியா போடச் சொன்னீங்க?"

சனிக்கிழமை மாடியில் அறுபது பேர் நின்றார்கள். அவள் வேறு வழியில்லாமல் குழாயை மேலே தூக்கி, வால்நட்சத்திரத்தை விட்டுவிட்டு உச்சியில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டினாள். ஒரு அப்பா கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, குழாயையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், இவ்ளோ பெரிய மிஷின வெச்சிகினு தொட்டியில தண்ணி கீதானு பாக்கவா?"

மாடியே சிரித்தது. ஞானம்மாள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்போது பேபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்நாயகியின் காதருகே வந்தாள்.

"டீச்சர், எல்லாரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? அங்கேர்ந்து அந்தப் பக்கம் மறைவே இல்ல. நீங்களும் வாங்க, நீங்க வந்து எல்லாம் எடுத்துச் சொல்லுங்க. நான் பைனாகுலர மட்டும் பிடிச்சிக்கிறேன்."

"நீ போ" என்றாள் தையல்நாயகி. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் மாடி காலியானது. அவளும் பீரங்கியும் மட்டும் மிச்சம். ஏரிக்கரைப் பக்கமிருந்து "ஏ!" என்று பெண்கள் கூவுகிற சத்தம் வந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் ஒருத்தி பார்த்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம். நாற்பது கூவல் வரை எண்ணினாள். பிறகு தார்ப்பாயைப் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

கேட்டருகே எதிரே மூச்சிரைக்க வந்தான் அரிகிருஷ்ணன். சட்டையில் சிமெண்டுத் தூள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நாயகி! நீ இன்னா இங்க நின்னுகினு கீற? போய்ப் பாரு! ரெண்டு வால் கீதும்மே அதுக்கு! ஒண்ணு வெள்ள, ஒண்ணு லேசா நீலம். உங்க பேபி டீச்சர் இன்னா அழகா காட்டுது தெரியுமா? நான் ரெண்டு தபா பாத்துட்டேன். கடைப் பசங்களையும் இட்டாரப் போறேன்."

பதினேழு வருஷம். கிரகணத்துக்குப் போர்வை போர்த்திப் படுத்தவன். அவள் செய்த சார்ட் பேப்பர் குழாயை வாங்கிக்கூடப் பார்க்காதவன். செப்டம்பரிலிருந்து அவளுடைய டெலஸ்கோப்பைப் பார்க்க ஒரு நாள் மாடி ஏறாதவன். அவனையும் கொண்டுபோய்விட்டாள் அந்தப் பெண், ஒரு பைனாகுலரில். அவன் போன பிறகும் தையல்நாயகி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்களைப் பறிகொடுத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

ஏரிக்கரைக்கு நடந்தாள். திட்டத்தான் போனாள். பூச்சி பொட்டு இருக்கிற இடத்துக்குப் பொட்டப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா, ஏதாவது ஒன்று ஆனால் பள்ளி பெயர் என்ன ஆவது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கரைந்திருந்தது. ஞானம்மாள் கடைசிப் பெண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பேபி தனியாக நின்று தோளை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நூறு முழங்கை ஊன்றிய தோள். தையல்நாயகியைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா டீச்சர்!" என்று முகமெல்லாம் மலர்ந்தாள்.

அந்த மலர்ச்சியில்தான் தையல்நாயகி அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கவிழ்ந்தது. வாயிலிருந்து வேறு வந்தது.

"அந்தக் கடையில சின்னது ஒண்ணு இருந்துச்சு பேபி. அதுதான் நல்லது. தெரிஞ்சேதான் வேணாம்னு சொன்னேன். நீ எடுத்துட்டுப் போயிடுவியேன்னு."

பேபி பைனாகுலரின் வாரைச் சரி செய்துகொண்டே, "தெரியும் டீச்சர்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"போன செப்டம்பர்ல, அத நாமளே வாங்கிடலாமானு நான் அந்தக் கடைக்குப் போனேன். யாரோ பெங்களூர்காரர் வாங்கிட்டுப் போயிட்டாராம். கடைக்காரர்தான் சொன்னார், உங்க டீச்சர் எத தூக்க முடியாதோ அதையே கேட்டு வாங்கினாங்கனு."

ஏரியில் எங்கோ ஒரு தவளை கத்தி நிறுத்தியது. தையல்நாயகிக்குக் காது இரண்டும் சுட்டது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"எதுக்கு டீச்சர்?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தேவலை. பரிதாபப்பட்டுக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். இதை எதற்கு ஒருத்தரிடம் போய்ச் சொல்வார்கள் என்பது அவளுக்குப் புரியவில்லை. ஏழு மாசம். தினம் காலையில் குட்மார்னிங் டீச்சர். மத்தியானம் டிபன் பாக்ஸ் மூடியில் எலுமிச்சை சாதம் வைத்து நீட்டுவாள். இன்றைக்கு என்ன காட்டலாம் டீச்சர் என்று நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பாள். இத்தனையும் தெரிந்துகொண்டே!

தையல்நாயகிக்கு அப்போதுதான் நிஜமான பொறாமை வந்தது. இத்தனை நாள் பட்டதெல்லாம் ஒரு பொறாமையா? பெண்கள், கைதட்டு, லூனா, புருஷன் எல்லாம் போகட்டும். இந்த மனசு எங்கே கிடைக்கும்? எந்தக் கடையில் கேட்டு வாங்குவது? இவளிடத்தில் தான் இருந்திருந்தால் மறுநாளே ஸ்டாஃப் ரூமில் சொல்லி, தெருவில் சொல்லி, ஊரைக் கூட்டியிருப்போம் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆண்டவன் இவளுக்கு ஒரே ஒரு கெட்ட குணம் கொடுத்திருக்கக் கூடாதா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"டீச்சர், வால்நட்சத்திரம் இறங்குறதுக்குள்ள பாத்துடுங்க" என்று பேபி பைனாகுலரை அவள் கழுத்தில் மாட்டினாள்.

கண்ணில் வைத்தாள். கை நடுக்கத்தில் வால்நட்சத்திரம் தாறுமாறாகக் கோடு கிழித்தது.

"இப்படி வைங்க" என்று பேபி அவளுக்கு முதுகு காட்டி நின்று, தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.

தையல்நாயகி இரண்டு முழங்கையையும் அந்தத் தோள் மேல் ஊன்றினாள். வால்நட்சத்திரம் அசையாமல் நின்றது. இரண்டு வால். ஒன்று வெள்ளை, ஒன்று லேசான நீலம். அரிகிருஷ்ணன் சொன்னது சரிதான். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள், தேவைக்கு மேலேயே அழுத்தி ஊன்றிக்கொண்டு. பேபி மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.